ஹரோல்ட் ஹியூஸ்

ஹரோல்ட் எவரெட் ஹியூஸ் (பெப்ரவரி 10, 1922 – அக்டோபர் 23, 1996) ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த அரசியல்வாதி ஆவார். சுமையுந்து (லாரி) ஓட்டுநராகப் பணியாற்றிப் பின்னர் அரசியலுக்கு வந்த இவர், 1963 முதல் 1969 வரை அயோவாவின் ஆளுநராகவும், 1969 முதல் 1975 வரை அமெரிக்க செனட் அவை உறுப்பினராகவும் இருந்தார். இளமையில் கடும் குடிநோய்க்கு ஆட்பட்டு மீண்டவர். குடிநோய்ச் சிகிச்சையை அரசின் பொறுப்பாகவும், அரசின் மேற்பார்வைக்கு உட்பட்ட பணியாகவும் ஆக்கிய 1970 ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் இவர் பெயராலேயே ஹியூஸ் சட்டம் என்று வழங்கப்படுகிறது.

இளமை

அயோவாவின் மேற்குப் பகுதியில் உள்ள ஐடா குரோவ் என்னும் சிற்றூருக்கு அருகே ஓர் எளிய வேளாண் குடும்பத்தில் ஹியூஸ் பிறந்தார். இவரது சிறுவயது, 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் கழிந்தது. நெடிய, கட்டுறுதியான உடலமைப்புக் கொண்ட இவர் பள்ளியில் அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் சிறந்து விளங்கினார். அதன் வழியாக அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் படிப்பை முடிக்கவில்லை. 1941 இல் ஈவா மெர்சர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு மூன்று பெண் குழந்தைகள்.

1942 இல் இவருடைய மூத்த சகோதரர் ஜெசி சாலை விபத்தொன்றில் உயிரிழந்தார். அது ஹியூசை ஆழமாகப் பாதித்தது. இரண்டாம் உலகப்போரில் இவர் படைவீரராக வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பணியாற்றினார். ஊர் திரும்பியபின் சுமையுந்து ஓட்டுநராகவும், பின்னர் அத்தகைய நிறுவனமொன்றின் மேலாளராகவும் பணிபுரிந்தார்.

குடிநோயும் மீட்சியும்

கல்லூரி நாட்களிலேயே தொடங்கிய குடிப்பழக்கம் போருக்குப் பின் முற்றியது. வேலையைத் திறம்படச் செய்துகொண்டே, இடையிடையே பல நாட்கள் தொடர்ந்து குடித்து வீட்டை விட்டு மறைந்துபோகும் நிலைக்கு ஹியூஸ் வந்தார். 1952 இல், தம் 30 ஆம் வயதில், தற்கொலையின் விளிம்புவரை சென்றார். அந்த இரவில் ஏற்பட்ட சமய அனுபவமே தம்மைக் காப்பாற்றியது என்று பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் எழுதினார்.

அதன் பின்னரும் பாதை நேராக இருக்கவில்லை. 1954 இல் ஒருமுறை மீண்டும் குடித்தார். ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் என்னும் குடிநோயாளர் தன்னுதவி அமைப்பில் இணைந்த பிறகே மீட்சி உறுதிப்பட்டது. 1955 இல் ஐடா குரோவில் அவ்வமைப்பின் குழுவொன்று உருவாக இவரே துணைநின்றார். சிறிய ஊரில் குடிநோயாளி ஒருவர் செல்லக்கூடிய மருத்துவ நிலையமோ, அறிவுரை கேட்கக்கூடிய அலுவலரோ அக்காலத்தில் இல்லை என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். ஹியூஸ் பின்னாளில் எழுதிய சட்டத்தின் பல பிரிவுகளை இந்தப் பின்னணியோடு சேர்த்துப் படித்தால் எளிதில் விளங்கும்.

சுமையுந்து ஒழுங்குமுறை

ஹியூஸ் அரசியலுக்கு வந்தது குடிநோய் தொடர்பாக அன்று; சுமையுந்து உரிமங்கள் தொடர்பாகவே. அயோவாவில் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்தை மாநில வணிக ஆணையம் ஒழுங்குபடுத்தி வந்தது. பெரிய நிறுவனங்களுக்கு ஒரு நீதி, சிறிய உரிமையாளர்களுக்கு வேறொரு நீதி என்று ஆணையம் நடந்துகொள்வதாகக் கருதிய ஹியூஸ், சிறிய உரிமையாளர்களுக்கெனத் தனியே ஒரு சங்கத்தை உருவாக்கினார். ஆணையத்தின் செயற்பாடு குறித்து அன்றைய ஆளுநர் ஹெர்ஷல் லவ்லெசிடம் முறையிட்டபோது, குறைகூறுவதைவிடத் தேர்தலில் நின்று உள்ளே சென்று திருத்துமாறு அவர் ஊக்கப்படுத்தினார். அதுவரை குடியரசுக் கட்சியைச் சார்ந்திருந்த ஹியூஸ், மக்களாட்சிக் கட்சிக்கு மாறி 1958 இல் ஆணையத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் அதன் தலைவராகவும் இருந்தார்.

இவரது வாழ்க்கை வரலாறுகளில் இந்த நான்கு ஆண்டுகள் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகின்றன. ஆனால் உரிமம் வழங்குதல், அறிக்கை பெறுதல், விதிமீறினால் விசாரித்தல், தேவைப்பட்டால் உரிமத்தை நீக்குதல் ஆகிய ஒழுங்குமுறைப் பணிகளை இவர் நேரடியாகக் கற்றுக்கொண்டது இங்கேதான். மேற்பார்வை அமைப்பு ஒன்று பெயரளவில் இருந்தும் செயற்படாவிட்டால் பாதிக்கப்படுவோர் வலிமையற்றவர்களே என்பதையும் இவர் ஆணையத்தின் இருபுறமும் நின்று கண்டார்.

அயோவாவின் ஆளுநர்

1960 இல் ஆளுநர் வேட்பாளராக முயன்று கட்சியின் முதனிலைத் தேர்தலில் தோற்ற ஹியூஸ், 1962 இல் பதவியிலிருந்த ஆளுநர் நோர்மன் எர்பியைத் தோற்கடித்தார். (இந்திய ஆளுநர்களைப் போலன்றி, அமெரிக்க ஆளுநர்கள் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள், நம் முதலமைச்சர் பதவிக்கு ஒப்பானவர்கள். அயோவாவில் அப்போது பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள்.)

இத்தேர்தலின் முதன்மைச் சிக்கல் மது விற்பனையாக இருந்தது வியப்புக்குரியது. அயோவாவில் வடிமதுவைப் புட்டியாக அரசுக் கடைகளில் வாங்கலாம். உணவகத்திலோ மதுக்கூடத்திலோ கோப்பையில் ஊற்றி விற்பது சட்டவிரோதம். நடைமுறையிலோ தனியார் மன்றங்கள் என்ற பெயரில் அவ்விற்பனை மாநிலம் முழுவதும் நடந்து வந்தது. அலுவலர்கள் கண்டும் காணாமல் இருந்தனர். குடியிலிருந்து மீண்டவரான ஹியூஸ் இவ்விற்பனையைச் சட்டப்படியாக்க வேண்டும் என்று வாதிட்டார். யாரும் மதிக்காத தடையைவிட, உரிமமும் ஆய்வும் கொண்ட வெளிப்படையான ஏற்பாடு மேலானது என்பது இவரது நிலைப்பாடு. 1963 இல் அதற்கான சட்டம் நிறைவேறியது. தாம் தொடாத ஒன்றைப் பிறர் வாங்குவதற்கு வழிசெய்தார் என்று இதைக் கேலியாகச் சொல்வோர் உண்டு. ஆனால் மறைவில் நடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பொறுப்பேற்கச் செய்வது என்ற இதே அணுகுமுறையைத்தான் பின்னர் சிகிச்சைத் துறையிலும் இவர் கையாண்டார்.

1964 தேர்தலில் எதிர்த்து நின்ற மாநிலத் தலைமை வழக்கறிஞர் எவன் ஹல்ட்மன், ஹியூஸ் 1952 க்குப் பின் மது அருந்தவில்லை என்று கூறிவந்தது உண்மையன்று என்றும், 1954 இல் குடித்ததை மறைத்தார் என்றும் குற்றஞ்சாட்டினார். ஹியூஸ் அதை மறுக்கவில்லை. தாம் ஒரு குடிநோயாளி என்பதையும், இடையில் வழுக்கி விழுந்ததையும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அத்தேர்தலில் 68 விழுக்காட்டு வாக்குகளுடன் வெற்றி பெற்றார். குடிநோயைப் பற்றிப் பொதுமேடையில் பேசுவதே இழுக்கெனக் கருதப்பட்ட காலத்தில் இது சிறிய செய்தி அன்று. 1966 இல் மூன்றாம் முறையாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவர் காலத்தில் 1965 இல் அயோவாவில் மரணதண்டனை ஒழிக்கப்பட்டது; மாநில குடிசார் உரிமைகள் ஆணையமும், சமுதாயக் கல்லூரிகளும் அமைக்கப்பட்டன. குடிநோய்க்கெனப் பல துறைகளை இணைத்த மாநிலத் திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது.

1970 க்கு முந்தைய நிலை

ஹியூஸ் சட்டத்தின் முக்கியத்துவத்தை அறிய, அதற்கு முன் அமெரிக்காவில் நிலவிய சூழலை அறிதல் வேண்டும். பொது இடத்தில் குடித்திருத்தல் பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். குடிநோயாளியைக் காவலர் பிடிப்பர். இரவு முழுவதும் காவல் நிலையத்தில் வைத்திருப்பர். மறுநாள் நீதிபதி சில நாட்கள் சிறை விதிப்பார். வெளியே வந்தவர் மீண்டும் பிடிபடுவார். இவ்வாறு வாழ்நாளில் நூறு முறைக்கு மேல் கைதானவர்களும் இருந்தனர். பொது மருத்துவமனைகள் பல, குடிநோயாளி என்று தெரிந்தால் சேர்த்துக்கொள்ளா. இரக்கமுள்ள மருத்துவர்கள் வேறொரு நோயின் பெயரை எழுதிச் சேர்ப்பதும் உண்டு. வசதி படைத்தோர் தனியார் நிலையங்களுக்குச் சென்றனர். அங்கு என்ன சிகிச்சை அளிக்கப்படுகிறது, யார் அளிக்கிறார்கள் என்று கேட்க ஒரு பொதுவான அமைப்பு இல்லை.

1966 இல் இரண்டு நடுவண் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், நாட்பட்ட குடிநோயாளியைப் பொது இடத்தில் குடித்திருந்ததற்காகத் தண்டிக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தன. ஆனால் 1968 இல் பவல் எதிர் டெக்சாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5 க்கு 4 என்ற கணக்கில் அத்தகைய தண்டனையை அனுமதித்தது. தண்டனையை நீக்கினால் அவர்களை அனுப்புவதற்குப் போதிய சிகிச்சை நிலையங்கள் இல்லை என்பது அத்தீர்ப்பின் முதன்மைக் கருத்துரையில் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. முறையான சிகிச்சை இல்லாமல் சிறைக்கு மருத்துவமனை என்று பெயர்ப்பலகை மாட்டினால், நோயாளி கால வரம்பின்றி அடைக்கப்படும் ஆபத்தும் உண்டு என்பதை நீதிபதிகள் கருதினர். ஆக, முட்டுக்கட்டை நீதிமன்றத்தில் இல்லை, சட்டமன்றத்தில் இருந்தது.

செனட் துணைக்குழு

1968 இல் ஹியூஸ் குறுகிய வாக்கு வேறுபாட்டில் செனட் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு சிக்காகோவில் நடந்த கட்சி மாநாட்டில் வியட்நாம் போரை எதிர்த்த யூஜீன் மெக்கார்த்தியின் பெயரை இவரே முன்மொழிந்தார்.

1969 இல் செனட் தொழிலாளர், பொதுநலக் குழுவின் கீழ் குடிநோய், போதைப்பொருள் தொடர்பான சிறப்புத் துணைக்குழு அமைக்கப்பட்டபோது, முதலாண்டு உறுப்பினராக இருந்த ஹியூஸ் அதன் தலைவரானார். அவ்வாண்டு சூலை மாதம் நடந்த விசாரணை அமர்வுகள் இத்துறை வரலாற்றில் திருப்புமுனையாகும். ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவரான பில் வில்சன் சாட்சியமளித்தார். பெயர் வெளியிடாமையை அடிப்படை நெறியாகக் கொண்ட அமைப்பாதலால், அவர் முகத்தைப் படம் பிடிக்க வேண்டாம் என்று செய்தியாளர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். தேசியக் குடிநோய் மன்றத்தை 1944 இல் தொடங்கிய மார்ட்டி மான் அவர்களும், அகாதமி விருது பெற்ற நடிகை மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ச் அவர்களும் சாட்சியம் அளித்தனர். மெக்கேம்பிரிட்ச் தம் பெயரையோ முகத்தையோ மறைத்துக்கொள்ளவில்லை.

துணைக்குழு தலைநகரோடு நின்றுவிடாமல் பிற நகரங்களிலும் அமர்வுகளை நடத்தியது. வியட்நாமில் பணியாற்றிய படைவீரரிடையே பரவிய போதைப்பழக்கமும் அதன் ஆய்வுக்கு உட்பட்டது. நோயாளியெனத் தெரியவந்த படைவீரரைத் தண்டித்து வெளியேற்றும் வழக்கத்துக்கு எதிராக ஹியூஸ் தொடர்ந்து குரல் கொடுத்தார். 1971 இல் படைத்துறை தன் வீரரிடையே உள்ள போதை, குடி அடிமைகளைக் கண்டறிந்து சிகிச்சையளிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது.

ஹியூஸ் சட்டம்

விரிவான குடிநோய்த் தடுப்பு, சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டமூலம் 1970 இல் காங்கிரசின் இரு அவைகளிலும் நிறைவேறியது. நிக்சன் அரசின் சுகாதாரத் துறை அதை விரும்பவில்லை. தலைவர் தம் மறுப்பாணையைப் பயன்படுத்துவார் என்ற அச்சம் இருந்தது. குடிநோயிலிருந்து மீண்ட செல்வாக்குமிக்க சில குடியரசுக் கட்சியினர், அவர்களுள் முன்னாள் பாதுகாப்புத் துறை அதிகாரி தாமசு பைக் குறிப்பிடத்தக்கவர், வெள்ளை மாளிகையில் எடுத்துரைத்தனர். ஆண்டின் கடைசி நாளான திசம்பர் 31, 1970 அன்று நிக்சன் கையொப்பமிட்டார். விழா எதுவும் நடைபெறவில்லை.

மது மிகைப்பயன்பாடு, குடிநோய் ஆகியவற்றுக்கான தேசியக் கழகம் இச்சட்டத்தால் உருவாயிற்று. இதனைத் தன்னாட்சி கொண்டதாக அமைக்க வேண்டும் என்பது ஹியூசின் நோக்கம். இணக்கப்பாட்டில் அது தேசிய உளநலக் கழகத்தின் ஓர் உறுப்பாகவே தொடங்கியது. உளநல மருத்துவர் மோரிசு சாஃபெட்சு அதன் முதல் இயக்குநர். மூன்று நிதியாண்டுகளில் மாநிலங்களுக்கான பங்கீட்டு மானியமாக 18 கோடி டாலரும், தனித் திட்டங்களுக்கு 12 கோடி டாலருமாக மொத்தம் 30 கோடி டாலர் வரை செலவிடச் சட்டம் அனுமதித்தது. அனுமதித்த தொகை முழுவதும் ஆண்டுதோறும் ஒதுக்கப்படவில்லை.

பணத்தைவிட முக்கியமானது, பணம் பெறுவதற்கான நிபந்தனைகள். பங்கீட்டு மானியம் பெற விரும்பும் மாநிலம் முதலில் குடிநோய்ப் பணிகளுக்கென ஒரே பொறுப்பு அமைப்பைப் பெயர் குறிப்பிட்டு அறிவிக்க வேண்டும். தேவை எவ்வளவு என்று கணக்கெடுத்துத் திட்டம் தீட்ட வேண்டும். அரசு சாராதோரும் இடம்பெற்ற ஆலோசனை மன்றம் ஒன்றை அமைக்க வேண்டும். நடுவண் துறைக்கு அறிக்கைகள் அனுப்பவும், ஆண்டுக்கொருமுறையேனும் திட்டத்தை மீளாய்வு செய்யவும் வேண்டும். நடுவண் பணம் வந்துவிட்டது என்பதற்காக மாநிலம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளல் ஆகாது. அதுவரை குடிநோய் பற்றிக் கேட்டால் சுகாதாரத் துறை சிறைத்துறையையும், சிறைத்துறை உளநல மருத்துவமனையையும் சுட்டிக்காட்டும் நிலை இருந்தது. ஒரே அமைப்பு என்னும் இந்த எளிய நிபந்தனை, யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு முதன்முறையாக விடை தந்தது.

நடுவண் நிதி பெறும் பொது மருத்துவமனைகள் குடிநோயாளி என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்பதும் சட்டத்தில் இடம்பெற்றது. நடுவண் அரசின் ஊழியர்களுக்குச் சிகிச்சைத் திட்டம் அமைக்கும் பொறுப்பு குடிமைப்பணி ஆணையத்துக்கு அளிக்கப்பட்டது.

தரமும் உரிமமும்

பணம் வந்தால் சிகிச்சை நிலையங்கள் பெருகும். ஆனால் அவை நல்லவையா என்று பார்ப்பது யார்? 1970 சட்டம் இதற்கு முழுமையான விடை தரவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டு வழிகளில் அவ்விடைவெளி ஓரளவு நிரப்பப்பட்டது.

முதலாவது, 1971 இல் மாநிலங்களுக்கான மாதிரிச் சட்டங்களை வரையும் தேசிய ஆணையர் மாநாடு வெளியிட்ட சீரான குடிநோய், போதைநிலைச் சிகிச்சைச் சட்டம். குடித்திருத்தலைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்குவதே இதன் முதன்மை நோக்கம் என்று பொதுவாகக் கூறப்படும். ஆயினும் அதன் மற்றொரு பகுதி அதே அளவு முக்கியமானது. பொது, தனியார் சிகிச்சை நிலையங்கள் இரண்டுக்கும் மாநில அமைப்பு தரங்களை வகுக்க வேண்டும். குறித்த காலங்களில் நேரில் ஆய்வு செய்ய வேண்டும். ஒப்புதல் பெற்ற நிலையங்களின் பட்டியலைப் பேண வேண்டும். தரம் தவறினால் ஒப்புதலை நிறுத்திவைக்கவோ நீக்கவோ செய்யலாம். ஆய்வாளரை உள்ளே விட மறுத்தால் நீதிமன்ற ஆணை பெற்று நுழையலாம். சுமையுந்து ஆணையத்தில் பணியாற்றிய ஒருவருக்கு இவை நன்கு பழகிய கருவிகள்.

மாதிரிச் சட்டம் எந்த மாநிலத்தையும் கட்டுப்படுத்தாது. எனவே 1974 மே மாதம் நிறைவேறிய திருத்தச் சட்டத்தில், அதனை ஏற்கும் மாநிலங்களுக்குக் கூடுதல் ஊக்க மானியம் அளிக்கப்பட்டது. கட்டாயப்படுத்த இயலாத இடத்தில் பணத்தால் இணங்க வைக்கும் இம்முறை அமெரிக்கக் கூட்டாட்சியில் வழக்கமானது. பிற்காலத் திருத்தங்களில், நிலையங்களுக்கு உரிமம் வழங்கும் தரங்களையும் அவற்றை நடைமுறைப்படுத்தும் வழிகளையும் மாநிலத் திட்டத்திலேயே குறிப்பிட வேண்டும் என்பதும் சேர்க்கப்பட்டது. 1974 திருத்தமே தேசியக் கழகத்தை உளநலக் கழகத்தின் கீழிருந்து எடுத்து அதற்குச் சமநிலையில் வைத்தது.

இரண்டாவது, நோயாளியின் பதிவேடுகள் பற்றிய விதி. போதைப்பொருள் நோயாளிகளுக்கு 1972 ஆம் ஆண்டுச் சட்டமும், குடிநோயாளிகளுக்கு 1974 ஆம் ஆண்டுத் திருத்தமும் சிகிச்சைப் பதிவேடுகளுக்கு வலுவான மறைகாப்பு அளித்தன. நீதிமன்ற ஆணையின்றி அவற்றைக் கொண்டு நோயாளி மீது குற்ற வழக்குத் தொடர முடியாது. கைதாகும் அச்சமின்றி மக்கள் சிகிச்சைக்கு வர வேண்டும் என்பது இதன் காரணம்.

இங்கு ஒரு நுட்பமான சிக்கல் எழுகிறது. பதிவேடுகளை முற்றிலும் பூட்டிவைத்தால் ஆய்வாளரும் தணிக்கையாளரும் எதைப் பார்ப்பர்? நிலையத்தின் தவறுகளுக்கே அப்பூட்டு அரணாகிவிடாதா? சட்டம் இதற்கு வழி கண்டது. தணிக்கைக்கும் திட்ட மதிப்பீட்டுக்கும் பதிவேடுகளைக் காட்டலாம். ஆனால் பார்த்தவர் தம் அறிக்கையில் எந்த நோயாளியையும் அடையாளம் காணும்படி எழுதக்கூடாது. நிலையம் கண்காணிக்கப்படும், நோயாளி கண்காணிக்கப்படமாட்டார் என்ற இந்த ஏற்பாடு, தரவுப் பாதுகாப்பு பற்றிப் படிக்கும் மாணவர்கள் இன்றும் நோக்கத்தக்கது.

கணக்குக் கேட்பதன் விளைவு எப்போதும் இனிமையாக இருப்பதில்லை. கழகத்தின் நிதியில் இயங்கிய நிலையங்களில் திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்டு ராண்ட் நிறுவனம் 1976 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரிடம் முன்னேற்றம் காணப்பட்டது என்றும், சிகிச்சை முறைகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை என்றும், சிலர் அளவோடு குடிக்கும் நிலைக்குத் திரும்பினர் என்றும் அது கூறியது. கடைசிக் கூற்று முழு விலக்கை வலியுறுத்துவோரிடையே கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. எதிர்ப்பின் இரைச்சலில், அரசு தான் செலவிட்ட பணத்துக்கு என்ன நேர்ந்தது என்று நோயாளிகளைப் பின்தொடர்ந்து கேட்டது என்ற செய்தி மறைந்துபோனது.

பிற அரசியற் பணிகள்

1968 மாநாட்டுக்குமுன் வேட்பாளர் தேர்வு முறை குறித்து ஆராய்ந்த குழுவுக்கு ஹியூஸ் தலைமை வகித்தார். அதன் தொடர்ச்சியாக அமைந்த ஆணையத்தில் துணைத்தலைவராக இருந்தார். 1971 இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராகும் முயற்சியைத் தொடங்கி, அவ்வாண்டே விலகினார். 1973 இல் செனட் படைத்துறைக் குழுவில் இவர் எழுப்பிய கேள்விகள், கம்போடியா மீது மறைவாக நடத்தப்பட்ட குண்டுவீச்சும், அதை மறைக்கப் பதிவேடுகள் பொய்யாக எழுதப்பட்டதும் வெளிவரக் காரணமாயின.

திசம்பர் 1974 இல், பதவி முடிய சில நாட்களே இருந்தபோது, ஹியூஸ்-ரயன் திருத்தம் சட்டமானது. நடுவண் உளவு முகமையின் மறைமுக நடவடிக்கை ஒவ்வொன்றையும் குடியரசுத் தலைவரே தேவையென உறுதிசெய்து காங்கிரசின் உரிய குழுக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று அது விதித்தது. உளவுத்துறைக்கும் குடிநோய்க்கும் தொடர்பில்லை எனினும், ஒரே மனிதரின் கைவண்ணம் இரண்டிலும் தெரிகிறது.

இறுதிக்காலம்

மறுமுறை தேர்தலில் நிற்பதில்லை என்று 1973 இல் அறிவித்த ஹியூஸ், 1975 தொடக்கத்தில் செனட்டை விட்டு விலகிச் சமயப்பணியில் ஈடுபட்டார். வாட்டர்கேட் விவகாரத்தில் சிறைசென்ற, தம் அரசியல் எதிரியாக இருந்த சார்லசு கோல்சனுடன் இவர் கொண்ட நட்பு அக்காலத்தில் பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. இவரது தன்வரலாறு 1979 இல் வெளிவந்தது. 1990களின் தொடக்கத்தில், மீண்டவர்கள் தாமே முன்வந்து சிகிச்சை உரிமைக்காகப் பேச வேண்டும் என்ற நோக்குடன் அமெரிக்க மீட்சியாளர் சங்கத்தை ஏற்படுத்தினார்.

தாம் கட்டியதில் ஒரு பகுதி தம் வாழ்நாளிலேயே கலைக்கப்பட்டதை ஹியூஸ் கண்டார். ரேகன் அரசு 1981 இல், குடிநோய், போதைப்பொருள், உளநலம் ஆகியவற்றுக்கான தனித்தனி மானியங்களை ஒன்றாகத் தொகுத்து மாநிலங்களிடம் அளித்தது. நிபந்தனைகள் பல கைவிடப்பட்டன. தேசியக் கழகம் ஆராய்ச்சி அமைப்பாகச் சுருங்கியது. அதே பத்தாண்டில் காப்பீட்டுப் பணத்தை நம்பி, 28 நாள் தங்கிச் சிகிச்சை பெறும் தனியார் நிலையங்கள் நாடெங்கும் பெருகின. மேற்பார்வை தளர்ந்த நேரத்தில் வணிகம் வளர்ந்தது என்பதே இதன் பொருள். 1992 இல் சிகிச்சைப் பணிகளுக்கெனத் தனி நடுவண் முகமை உருவாக்கப்பட்டது.

ஹியூஸ் அக்டோபர் 23, 1996 அன்று அரிசோனா மாநிலத்தின் கிளென்டேல் நகரில் தம் 74 ஆம் வயதில் காலமானார்.

ஓப்பியத் தொடர்பான மருந்துகளைக் கொண்டு அளிக்கப்படும் சிகிச்சைக்கு மட்டும் 2001 முதல் நடுவண் சான்றளிப்பும் தர ஒப்புதலும் கட்டாயமாக உள்ளன. ஏனைய குடிநோய், போதை மீட்பு நிலையங்களுக்கு உரிமம் வழங்குவது மாநிலங்களின் பொறுப்பாகவே நீடிக்கிறது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் பெரிதும் வேறுபடுகின்றன. காப்பீடு பெற்ற நோயாளிகளைத் தரகுக்குப் பிடித்துத் தரும் வணிகம் புளோரிடா முதலிய இடங்களில் வெளிப்பட்டதைத் தொடர்ந்து, அத்தகைய தரகை நடுவண் குற்றமாக்கும் சட்டம் 2018 இல் இயற்றப்பட்டது.